தண்டவாளத்துப் பக்கத்தில் குடியிருப்பது எப்படி: குமரி மாவட்டத்தில் ரயில் பார்க்கவும் ரயிலோடு வாழவும் ஒரு முழு வழிகாட்டி

ரயில் பாதை ஓரமாக வீடு பார்த்திருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உடனே இரண்டு விதமான பதில் வரும். "ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது" என்பார் ஒருவர். "எல்லாம் பழகிரும்" என்பார் இன்னொருவர். இரண்டும் பாதி உண்மை. சும்மா இருந்தால் பழகிவிடாது. எந்த வண்டி எந்த நேரத்தில் வருகிறது, எதற்காக ஹாரன் அடிக்கிறது, கேட் ஏன் இவ்வளவு நேரம் மூடிக் கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எரிச்சல் குறையும், அதே வண்டியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறவும் தோன்றும். அதனால் ரயில் பார்ப்பதையும் ரயில் பக்கத்தில் குடியிருப்பதையும் நான் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

முதல் படி: உங்கள் பாதை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே பிந்தித்தான். திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதை 1979இல் திறந்தது, திருநெல்வேலி – நாகர்கோவில் பாதை 1981இல். அகலப்பாதையாகவே போடப்பட்டதால் மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் பழைய குறுகிய பாதையான மீட்டர்கேஜ் கதைகள் நமக்குக் கிடையாது. திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து குழித்துறை மேற்கு, குழித்துறை, பள்ளியாடி, இரணியல், வீராணி ஆளூர், நாகர்கோவில் டவுன் என்று வந்து நாகர்கோவில் சந்திப்பில் சேரும். திருநெல்வேலி பக்கத்திலிருந்து வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக வரும். சந்திப்பிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்கு ஒரு பாதை போய் அங்கே முடிந்துவிடும்.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, நாகர்கோவிலில் குடியிருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து சந்திப்புக்குள் வரும் வண்டி திருவனந்தபுரம் போக வேண்டுமானால் வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். அதாவது இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் சில வண்டிகள் சந்திப்பைத் தொடாமல் டவுன் நிலையம் வழியாகப் போகின்றன. சந்திப்புக்குப் பக்கத்தில் வீடு என்றால், வண்டி போகிற சத்தத்தைவிட இன்ஜின் மாற்றும் சத்தமும் பெட்டிகள் முட்டிச் சேரும் சத்தமும் அறிவிப்பு ஒலிபெருக்கியும்தான் அதிகம். டவுன் பக்கம் அது கிடையாது, வண்டி வரும், நிற்கும், போய்விடும். ஒரே ஊர்தான், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு விதமான வாழ்க்கை.

இன்னொன்று, இரட்டைப்பாதை. திருநெல்வேலி பக்கம் வேலை முடிந்து இரண்டு பாதையிலும் வண்டி ஓடுகிறது. திருவனந்தபுரம் பக்கம் இரட்டைப்பாதை வராத இடங்களில் இன்னும் பழைய கதைதான், எதிர் வண்டிக்காக ஒரு வண்டி இரணியலிலோ குழித்துறையிலோ ஒதுங்கி நிற்கும். பயணிகளுக்கு அது எரிச்சல். நடைமேடையில் நிற்கும் நமக்கோ அதைவிட நல்ல காட்சி இல்லை. நின்ற வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சிக்னல் மாறும், எதிர் வண்டி நிற்காமல் பாய்ந்து போகும், அப்புறம் ஒரு நிமிட அமைதி, பிறகு நின்ற வண்டி ஒரு இழுப்பு இழுத்துக் கிளம்பும்.

இரண்டாம் படி: நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

இது சின்ன வேலை. ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் உங்கள் பக்கத்து நிலையத்தின் பெயரைப் போட்டால் அடுத்த சில மணி நேரத்தில் வரும் வண்டிகள் எல்லாம் தாமதத்தோடு சேர்த்துத் தெரியும். ஒரு வாரம் பார்த்தால் போதும், தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடலாம். சரக்கு வண்டி மட்டும் இதில் வராது, அது அதன் இஷ்டத்துக்கு வரும்.

மூன்றாம் படி: பார்க்கும் இடம்

எனக்கு முதலிடம் ஆரல்வாய்மொழிதான், இதில் பேச்சே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வாசல் மாதிரி விட்ட கணவாய் அது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள், நடுவில் ரயில். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் நேராக நிற்கவே முடியாது, வேட்டி கட்டிக்கொண்டு போனால் இரண்டு கையும் அதற்கே சரியாகப் போகும். அந்தக் காற்றில் அத்தனை காற்றாலைகளும் சுற்ற, அடிவாரத்தில் நீளமாக ஒரு வண்டி வளைந்து வரும்போது பாருங்கள். மலை உச்சியில் மேகம் தொங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. காலை வெயில் கிழக்கேயிருந்து மலைமேல் நேராக விழுவதால், படம் எடுக்கிறவர்கள் காலையில் போவதே நல்லது.

ஆனால் அதே காற்றில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். சத்தம் காற்றடிக்கும் திசையில் நன்றாகப் பரவும், எதிர்த்திசையில் பரவாது. மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது வள்ளியூர் பக்கத்திலிருந்து, அதாவது கிழக்கேயிருந்து வரும் வண்டியின் சத்தம் உங்களை வந்து சேரவே சேராது. மின்சார இன்ஜினுக்கு டீசல் இன்ஜின் போல் உறுமலும் கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "வண்டி வந்தால் கேட்குமே" என்று நினைப்பவர்களுக்கு அங்கே கேட்காது. நடைமேடையில் மட்டும் நில்லுங்கள்.

அடுத்து குழித்துறை. மேற்கே போகப் போக நிறமே மாறிவிடும், நெல் வயல் போய் ரப்பரும் தென்னையும் வாழையும், செம்மண்ணை வெட்டிப் போட்ட பள்ளத்துக்குள் பாதை. குழித்துறையைத் தாண்டி நம் மாவட்டத்துத் தாமிரபரணி (திருநெல்வேலியில் ஓடுவது வேறு) ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது சத்தம் சட்டென்று மாறும். மண்ணில் ஓடும்போது அமுங்கிக் கேட்ட சத்தம், பாலத்தில் திறந்துகொண்டு ஆற்றின் மேல் பரவும். ஆற்றங்கரையில் தள்ளி நின்றாலே போதும், பாலத்தில் ஏறவே கூடாது, அதில் ஒதுங்கி நிற்க இடம் இருக்காது.

இரணியலுக்கு மாசி மாதம் மண்டைக்காடு கொடை நாட்களில் போங்கள். கேரளத்திலிருந்து வரும் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி, பஸ்ஸுக்கு ஓடுவதும் திரும்பி வந்து நடைமேடையில் உட்கார்ந்து பொதியைப் பிரித்துச் சாப்பிடுவதுமாக, அந்தச் சின்ன நிலையம் ஒரு திருவிழாப் பந்தலாக மாறியிருக்கும்.

கன்னியாகுமரி நிலையத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்திய நிலப்பரப்பின் தென்கோடி ரயில் நிலையம் அது. தண்டவாளம் அங்கே முடிகிறது, அதற்கப்புறம் கடல்தான். அசாமின் திப்ருகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி இங்கே வந்து நிற்கும், தூரத்தில் நாட்டிலேயே நீளமான ரயில் பயணம் அதுதான். 2011இல் தொடங்கியது. ஜம்மு பக்கத்துக் கட்ராவுக்குப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. விவேக் வந்து நின்றதும் பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே வழிந்து காய்ந்த மழைக் கோடுகள், அதன் மேல் படிந்த தூசி, அதன் மேல் மறுபடியும் மழைக் கோடு, எத்தனை மாநிலத்து மண் என்று எண்ண முடியாது. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகள் இல்லை, இங்கே வேலைக்கு வரும் வடகிழக்குப் பையன்கள், முதுகில் பையும் கையில் பிளாஸ்டிக் வாளியுமாக. கார்த்திகை, மார்கழியில் போனால் இவர்களோடு கறுப்பு வேட்டி ஐயப்ப பக்தர்களும் சேர்ந்து நடைமேடையில் கால் வைக்க இடம் இருக்காது.

நாகர்கோவில் – சென்னை வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31இல் தொடங்கியது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பிற்பகலில் அது வந்து திரும்பும் நேரம் வசதி. நடைமேடைச் சீட்டு எடுக்க மறக்காதீர்கள், பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும்.

நான்காம் படி: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

முதலில் சிக்னல். சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை. உங்கள் பக்கம் முகம் காட்டும் சிக்னல் சிவப்பிலிருந்து மாறினால், உங்களுக்குப் பின்னாலிருந்து வண்டி வரப்போகிறது. வண்டி தாண்டியதும் அது மறுபடி சிவப்பாகும். இது தெரிந்துவிட்டால் செயலியே வேண்டாம்.

இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். டபிள்யூஏபி-7 என்றால் டபிள்யூ அகலப்பாதை, ஏ மாறுமின்னோட்டம், பி பயணிகள் வண்டி. பி இருக்கும் இடத்தில் ஜி இருந்தால் சரக்கு. எந்தப் பணிமனையைச் சேர்ந்தது என்றும் எழுதியிருக்கும், ராயபுரம், ஈரோடு, அரக்கோணம் இதெல்லாம் அடிக்கடி கண்ணில் படும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவர்களே நமக்குச் சொல்லித் தருவார்கள்.

பெட்டிகளில் நீல நிறப் பழைய பெட்டி பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் (ஐசிஎஃப்) வடிவமைப்பு, அதன் உற்பத்தி 2018இல் நின்றது. சிவப்பு நிறத்தில் பெரும்பாலும் ஓடுவது ஜெர்மன் வடிவமைப்பான எல்எச்பி பெட்டி. குடியிருப்பவர்களுக்கும் இதில் காரியம் இருக்கிறது. பழைய பெட்டியில் பிரேக் கட்டை சக்கரத்தின் மேலேயே உரசி நிற்கும், அதனால் சக்கரத்தின் முகம் சொரசொரப்பாகி ஓடும்போது இரைச்சல் கூடும். எல்எச்பியில் பிரேக்குக்குத் தனி வட்டு இருப்பதால் சக்கரம் வழுவழுப்பாகவே இருக்கும், சத்தம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எது போகிறது என்று தெரியும். நீளமான வண்டியில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் "டக் டக் டக்" என்று தட்டிக்கொண்டு போனால், அந்தச் சக்கரத்தில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி இருக்கிறது என்று பொருள்.

கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிய பெருக்கல் குறி இருக்கும், இரவில் சிவப்பு விளக்கு மினுங்கும். வண்டி முழுசாகப் போய்விட்டது, நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நிலைய ஊழியர்கள் வண்டி போகும்வரை நின்று பார்ப்பது சும்மா இல்லை.

ஐந்தாம் படி: உயிர்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் போட்டாலும் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். இரட்டைப்பாதையில் ஒரு வண்டி போனதும் கடக்காதீர்கள், அதன் மறைவில் எதிர்ப்பாதையில் இன்னொன்று வரும், அதன் சத்தம் முதல் வண்டியின் சத்தத்தில் கரைந்துவிடும். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அதற்குத் தொட வேண்டிய அவசியமில்லை, பக்கத்தில் போனாலே பாயும், அதனால் தண்டவாளத்து ஓரத்தில் தொரட்டிக் கம்பால் தேங்காயோ முருங்கைக்காயோ பறிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பாதையில் அத்துமீறி நடப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டவாளத்தில் நின்று ரீல்ஸ் எடுக்கிற பிள்ளைகளை அவர்கள் அம்மா அப்பா முகத்துக்காகவாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: வீடு தேர்ந்தெடுப்பது

பகலில் தரகர் கூட்டிக்கொண்டு போகும் நேரம் பெரும்பாலும் வண்டி இல்லாத நேரமாகத்தான் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு ஒரு தடவையும் விடியற்காலையில் ஒரு தடவையும் நீங்களே போய் அந்த வாசலில் நில்லுங்கள். இரவில் சத்தம் அதிகமாகக் கேட்பது மனப்பிரமை இல்லை. தரை குளிர்ந்து மேலே உள்ள காற்று சூடாக இருக்கும்போது சத்தம் மேலே போகாமல் கீழே வளைந்து வரும், அதனால்தான் தூரத்து ஹாரன்கூட விடியற்காலையில் தலைமாட்டில் கேட்கிறது.

அடுத்து, மஞ்சள் பலகையில் கறுப்பில் டபிள்யூ/எல் என்று எழுதியது பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஹாரன் பலகை. அந்த இடத்திலிருந்து கேட் வரைக்கும் ஓட்டுநர் ஹாரன் அடித்தே தீர வேண்டும், இரவு இரண்டு மணி என்றாலும். என்னைக் கேட்டால், ரயில் பக்கத்தில் வீடு வாங்கலாம், டபிள்யூ/எல் பலகைக்கு நேரே வாங்காதீர்கள். நிலையத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி வைக்கும் சிக்னலுக்குப் பக்கத்திலும் யோசியுங்கள், நின்ற வண்டி கிளம்பும் இழுப்பு பெட்டிக்குப் பெட்டி தாவி வரும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும்.

மண்ணைப் பாருங்கள், இது ரொம்ப முக்கியம். நாஞ்சில் நாட்டில் வயலையும் குளத்தையும் நிரவிப் பிளாட் போட்ட இடங்கள் நிறைய. அந்தக் களிமண்ணில் அதிர்வு நன்றாகப் பரவும், வீடு முழுக்க லேசாக ஆடும். கல்குளம், விளவங்கோடு பக்கம் பாறையும் கெட்டிச் செம்மண்ணும் உள்ள மேட்டில் அதே தூரத்தில் உள்ள வீட்டுக்கு அவ்வளவு அதிர்வு இருக்காது. பழைய வீடு என்றால் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாதை பள்ளத்தில் போனால் மண் சுவரே சத்தத்தைத் தடுக்கும், கரை உயர்த்திப் போட்ட பாதை என்றால் உங்கள் மாடி ஜன்னலுக்கு நேராகச் சக்கரம் ஓடும்.

காகிதம்: ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். எல்லைக் கல் எங்கே என்று நில அளவைப் புலப்படத்தை வைத்து அளந்து பாருங்கள். திருவனந்தபுரம் பாதையில் என்றால் இரட்டைப்பாதைக்கு நிலம் எடுத்த சர்வே எண்களில் உங்களுடையது வருகிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

ஏழாம் படி: வீட்டுக்குள்

படுக்கையறையைப் பாதைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், படிக்கட்டும் குளியலறையும் சமையலறையும் பாதைப் பக்கம் இருக்கட்டும். இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஜன்னல் கண்ணாடி கனமாக இருப்பதைவிடச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சந்துகளை அடைப்பது முக்கியம், சத்தம் சந்து வழியாகத்தான் வரும். மதில் சுவர் வண்டியின் சக்கரத்தை உங்கள் கண்ணுக்கு மறைத்தால் மட்டும்தான் பயன் தரும். தென்னை மரம் வரிசையாக வைத்தால் சத்தம் குறையும் என்று சொல்வார்கள், குறையாது. பார்வைக்கு அழகு, நிழல் கிடைக்கும், அவ்வளவுதான்.

தூசி வேறு விஷயம். டீசல் புகை போய்விட்டது, பயோ கழிப்பறை வந்த பிறகு பாதையோர நாற்றமும் பெருமளவு போய்விட்டது, இது இரண்டும் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று தூரத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது. மிஞ்சியிருப்பது இரும்புத் துகள். ஜன்னல் கொசுவலையை விரலால் தடவினால் காப்பிப்பொடி நிறத்தில் ஒட்டும், கொஞ்சம் ஈரம் பட்டால் துருவாகிக் கறை பிடிக்கும். உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், பறந்து உள்ளேதான் வரும். ஈரத் துணியால் கீழ்நோக்கித் துடைத்து எடுங்கள், வெள்ளை வேட்டியைப் பாதைப் பக்கக் கொடியில் காயப்போடாதீர்கள்.

பாத்திர அலமாரியின் விளிம்பில் ஒரு சின்னச் சட்டம் அடித்துவிடுங்கள், அதிர்வில் டம்ளர்கள் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வரும். பிரிட்ஜுக்கு ரப்பர் கட்டை. சாமி படங்களுக்கு ஆணி ஒன்றுக்கு இரண்டு.

எட்டாம் படி: கேட்

கேட்டில் நின்று கேட் கீப்பரைத் திட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருநாள் ஒருவர் பைக்கிலிருந்து கத்தியபோது கேட் கீப்பர் பொறுமையாகச் சொன்னார்: "எனக்க கையில ஒண்ணும் இல்ல மக்கா, சிக்னல் குடுத்தாச்சு, இனி வண்டி போனாத்தான் பூட்டு திறக்கும்." அதுதான் உண்மை. சிக்னலோடு பூட்டு இணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடினால்தான் வண்டிக்குச் சிக்னல் விழும், சிக்னல் விழுந்த பிறகு அவர் நினைத்தாலும் திறக்க முடியாது. இரண்டு பக்கமும் வண்டி வந்தால் இரண்டும் போன பிறகுதான்.

நம் பக்கத்துத் தப்பு வேறு. கேட் மூடியதும் ரோட்டின் வலது பக்கத்தையும் அடைத்துக்கொண்டு முன்னால் போய் நிற்கிறோம், எதிர்ப்பக்கத்திலும் அதையே செய்கிறார்கள், கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் நடுத் தண்டவாளத்தில் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கிறது. இடது பக்கமே வரிசையாக நின்றால் பஸ்கூட ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அவசரக்காரர்கள் காலை வேலை நேரத்தில் செயலியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கேட்டுக்குப் பதில் போட்ட சுரங்கப்பாதைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், நமக்கு ஆடியிலும் மழை ஐப்பசியிலும் மழை என்பதால் வருடத்தில் இரண்டு முறை மாற்று வழி தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: புகார், தகவல்

2021 நவம்பரில் பெய்த மழையில் நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதையில் பல இடங்களில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. பள்ளத்தில் போகும் பாதைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு, சரிவை முதலில் பார்ப்பது நாம்தான். மின்கம்பி தாங்கும் ஒவ்வொரு கம்பத்திலும் சின்னப் பலகையில் இரண்டு எண்கள் மேலும் கீழுமாக இருக்கும், கிலோமீட்டரும் அதில் அந்தக் கம்பத்தின் வரிசை எண்ணும். உங்கள் வீட்டுக்கு நேரே உள்ள கம்பத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மண் சரிந்தாலும் மரம் சாய்ந்தாலும் மாடு ஏறினாலும் ரயில்வே உதவி எண்ணான 139க்கு அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் இடத்தை விளக்க வேண்டியதே இல்லை. கேட் பக்கத்தில் இருந்தால் முதலில் கேட் கீப்பரிடம் ஓடுங்கள், அவரிடம் நிலையத்துக்கு நேரடித் தொலைபேசி இருக்கிறது, அவர் சொல்வதுதான் சீக்கிரம் போய்ச் சேரும்.

நிலையங்களைப் பற்றிய கோரிக்கை என்றால், நம் மாவட்டம் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது, மனு அங்கேதான் போக வேண்டும். மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்று இங்கே பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அது நடக்கும்வரை மனுவைத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதி, கம்பத்தின் எண்ணையும் படத்தையும் சேர்த்து, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.